பாடும் நடையும்: பழவேற்காட்டு ஏரி மீனவ ஊர்களில் போக்குவரத்து நேர அட்டவணையும் அன்றாடப் பொழுதும்

ஆய்வுச் சுருக்கம்

பொதுப்போக்குவரத்தின் நேர அட்டவணை பயணியருக்கு வண்டி வரும் நேரத்தை அறிவிக்கும் பட்டியல் மட்டுமன்று. அது ஓர் ஊர் விழிக்கும் நேரத்தையும் சந்தை கூடும் நேரத்தையும் வகுக்கும் சமூக ஒழுங்காகவும் செயற்படுகிறது. நகரத்தில் இவ்வொழுங்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. நிலவைச் சார்ந்த நீரின் பொழுதில் தொழில் செய்யும் மீனவ ஊரில் அதன் இயல்பின்மை புலப்படுகிறது. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி முறைகளை வகுக்கும் ‘பாடு’ என்னும் மரபையும், பேருந்தின் ஒரு பயணத்தைக் குறிக்கும் ‘நடை’ என்னும் வழக்கையும் இரு வேறு கால அட்டவணைகளாகக் கொண்டு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் இடையில் நாள்தோறும் நகரும் இடைவெளி எவ்வாறு காத்திருப்பாக மாறுகிறது, அதன் சுமை யார்மேல் விழுகிறது, அதனைக் குறைக்க வழியுண்டா என்பன ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, நெய்தல், சிறுபொழுது, பாடு, நடை, ஏற்றவற்றம், நேர அட்டவணை, மீன் விற்கும் மகளிர்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் பழவேற்காடு அமைந்துள்ளது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காட்டு ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஏரியையும் வங்கக்கடலையும் சிறீஅரிக்கோட்டா என்னும் நீண்ட மணல்தீவு பிரிக்கிறது. தெற்கில் பழவேற்காட்டு முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏரிக்குள் ஏறியும் வற்றியும் வருகிறது. கோட்டைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், சாத்தான்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் இப்பகுதியில் அமைந்துள்ளன.

பழவேற்காட்டைப் பற்றிய ஆய்வுகளில் டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையும், ஏரிக்கு வலசை வரும் பூநாரைகளும், மீன்வளக் குறைவும் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளன. அவ்வூர் மக்களின் அன்றாடப் பொழுது எவற்றால் ஆளப்படுகிறது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. பிடித்த மீன் விலையாவதற்கு அது ஏரிக்கரையிலிருந்து பொன்னேரிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் உரிய பொழுதில் சென்றாக வேண்டும். எனவே ஏரியின் பொழுதும் சாலையின் பொழுதும் சந்திக்கும் இடம் மீனவரின் வாழ்வாதாரத்தோடு நேரடித் தொடர்புடையது.

கடிகார நேரமும் போக்குவரத்தும்

ஊருக்கு ஊர் வேறுபட்ட நேரத்தை ஒரே நேரமாக்கியது இருப்புப்பாதையே. இங்கிலாந்தில் பிராட்ஷா என்பவர் 1839இல் தொடர்வண்டிகளுக்கான நேர அட்டவணை நூலை வெளியிட்டார். அக்காலத்தில் அந்நாட்டின் ஒவ்வோர் ஊரும் தனக்குரிய சூரிய நேரத்தைக் கொண்டிருந்தது. 1847இல் இருப்புப்பாதை நிறுவனங்கள் கிரீனிச் நேரத்தைப் பொதுவாக ஏற்கத் தொடங்கின. நாட்டுச் சட்டம் அதனை ஏற்றது 1880இல்தான். சட்டத்திற்கு முன்பே மக்களின் நேரத்தை அட்டவணை மாற்றிவிட்டது என்பது இதனால் பெறப்படும்.

தமிழகத்திலும் இதே வரலாறு நிகழ்ந்தது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைத் தம் பொதுநேரமாகக் கொண்டன. 1906ஆம் ஆண்டு சனவரி 1 முதல் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 80.3 பாகையில் அமைந்த பழவேற்காட்டின் சூரிய நேரம் அதற்கு ஏறக்குறைய 9 நிமிடம் பிந்தியது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்னும் கணக்கால் இது கிடைக்கும். இந்த 9 நிமிட வேறுபாட்டை எவரும் உணர்வதில்லை. சீர்நேரத்திற்கும் ஏரிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது.

வரலாற்றறிஞர் இ. பி. தாம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் செயலை அளவாகக் கொண்ட நேரம், கடிகாரத்தை அளவாகக் கொண்ட நேரம் என இருவகையைப் பிரித்துக் காட்டினார். கடல்சார் மக்கள் தம் வாழ்வை ஏற்றவற்றத்தோடு இணைத்துக்கொள்ள வேண்டியுள்ளதை அவர் முதல்வகைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். தொழிற்சாலைத் தொழிலாளி முதல்வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிய வரலாறு அவரது ஆய்வுப்பொருள். பழவேற்காட்டில் அத்தகைய மாற்றம் முழுமை பெறவில்லை. ஒரே குடும்பத்தில், ஒரே நாளில், இருவகை நேரமும் அருகருகே இயங்குகின்றன.

நெய்தலின் பொழுது

தமிழ் இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்குரிய பொழுது உண்டு என்பது தொல்காப்பியக் கோட்பாடு. அதில் நெய்தலுக்குச் சிறுபொழுதாக எற்பாடு வகுக்கப்பட்டுள்ளது. எல் என்பது கதிரவனையும், பாடு என்பது படுதலையும் குறிக்கக் கதிரவன் சாயும் பிற்பகற் பொழுது என்பதே பெருவழக்கான உரை. அதனைக் காலைப் பொழுதாகக் கொள்வாரும் உளர். பெரும்பொழுதைப் பொறுத்தவரை ஆறு பருவங்களையும் நெய்தலுக்கு உரியனவாக உரையாசிரியர் கொண்டனர்.

இப்பாகுபாடு அகப்பாடலுக்குரிய இலக்கிய ஒழுங்கு. மீனவரின் தொழில்நேரத்தை அது கூறவில்லை. ஆயினும் நிலத்தை விட்டுப் பொழுதைத் தனியே பிரிக்க இயலாது என்னும் அடிப்படை அதில் உள்ளது. நாடு முழுமைக்கும் ஒரே நேரம் என்னும் சீர்நேரக் கருத்துக்கு இது நேர்மாறானது.

கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் மகளிரையும் சங்க இலக்கியம் காட்டுகிறது. அகநானூற்றில் உமணர் மகள் உப்பை நெல்லுக்கு மாற்றிக் கூவி விற்கிறாள். ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் பாண்மகள் மீனைக் கொடுத்து நெல் பெறுகிறாள். ஆகவே மீனோடும் உப்போடும் பெண் ஊர் கடந்து செல்வது தமிழ் நிலத்தில் தொன்மையான செயல். அவள் நடந்து சென்றவரை புறப்படும் பொழுதை அவளே முடிவு செய்தாள். வண்டியை நம்பிய பின் அம்முடிவு அவள் கையை விட்டு நீங்கியது.

ஏரியின் நாள்

வங்கக்கடலின் இக்கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழியும். எனவே இரண்டு ஏற்றவற்றங்கள் முடிய 24 மணி 50 நிமிடம் ஆகிறது. கடலின் நாள் கடிகாரத்தின் நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் நீண்டது. இன்று ஒரு மணிக்குத் தொடங்கிய வற்றம் நாளை ஒரு மணி 50 நிமிடத்திற்குத் தொடங்கும்.

பழைய தமிழ்க் கால அளவில் இக்கணக்கு எளிதாக அமைகிறது. ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை 30 திதி. அறுபதை முப்பதால் வகுக்க, நாளொன்றுக்கு 2 நாழிகை கிடைக்கிறது. அதாவது 48 நிமிடம். திதியை அறிந்தவர் நாளுக்கு 2 நாழிகை கூட்டி நீரின் நேரத்தை அறிந்துகொள்ள இயலும். பிறையைப் பார்த்தே நீரின் போக்கைக் கணிக்கும் மீனவர் அறிவுக்கு இதுவே அடிப்படை. 15 நாள் அளவில் நீர் மீண்டும் பழைய கடிகார நேரத்திற்கு வந்து சேரும்.

ஏரியின் உட்பகுதியில் இவ்வேற்றவற்றம் கடலில் உள்ளதைவிடக் குறைந்தும் காலம் தாழ்த்தும் நிகழும். முகத்துவாரம் திறந்திருக்கும் அளவைப் பொறுத்து அது மாறும். கோடையில் மணல் மேவி முகத்துவாரம் அடைபடும்போது நீரோட்டம் தளர்ந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு முதலியவற்றின் நன்னீர் புகும்போது உவர்ப்புக் குறைகிறது. இறாலும் மடவையும் கொடுவாயும் நண்டும் இம்மாற்றங்களுக்கேற்ப இடம்பெயர்கின்றன. ஆகவே ஏரியின் நாள் நிலவாலும், ஏரியின் ஆண்டு காற்றாலும் மழையாலும் மணலாலும் வகுக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்றும் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டதன்று.

பாடு: ஊர் வகுத்த அட்டவணை

ஏரியில் வலைகட்டத் தக்க இடங்கள் சிலவே. எல்லா இடத்திலும் மீன் ஒரே அளவில் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளில் இறால் வரத்து மிகுதி. இவ்விடங்களை ஒருவரே கைக்கொள்ளாமல் உரிமையுடைய குடும்பங்கள் முறைவைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் ஒழுங்கே பாடு. பழவேற்காட்டில் பட்டினவர் சமூகத்தின் சில ஊர்களில் கழி நட்டுக் கட்டும் சுத்துவலைக்கு இம்முறை வழங்கிவருவது மீன்வள ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. கொச்சிக் காயலில் ஊன்றுவலைக்கும், இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் அதுபோன்ற வலைக்கும் இதையொத்த முறைகள் உள்ளன.

பாடு என்பது ‘படு’ என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். உண்டாதல், நிகழ்தல், இடம், பக்கம், உழைப்பு, துன்பம், மறைதல் எனப் பல பொருள் இச்சொல்லுக்கு உண்டு. மீன் கிடைப்பதை மீன்பாடு என்பர். உணவுக்கான உழைப்பை வயிற்றுப்பாடு என்பர். ஏரியில் இச்சொல் இடத்தையும் முறையையும் ஒருங்கே சுட்டுகிறது. ‘இன்று யார் பாடு’ என்னும் வினாவுக்கு விடையாக ஓர் ஆளும் ஓரிடமும் ஒரு நாளும் சேர்ந்து கிடைக்கின்றன. நேர அட்டவணையின் இலக்கணமும் இதுவே. எந்த வண்டி, எவ்விடத்தில், எப்பொழுது என்னும் மூன்றுக்கும் விடை கூறுவதே அட்டவணை.

பாட்டின் சிறப்பியல்புகள் மூன்று. முதலாவது, அதனை வகுப்போரும் அதன்படி நடப்போரும் ஒரே ஊரார். இரண்டாவது, அது நீரின் பொழுதைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, நற்பேற்றையும் பேறின்மையையும் சுழற்சியால் பகிர்ந்துகொள்கிறது. இன்று வளமற்ற இடம் பெற்றவர் தம் முறை வரும்போது வளமான இடத்தைப் பெறுவார்.

அதன் குறையையும் கூறியாக வேண்டும். பாடு உரிமையுடையாரிடையே சமன்மையைக் காக்கிறது. உரிமையில்லாரை அது வெளியே நிறுத்துகிறது. ஏரியில் தொழில் செய்யும் பிற சமூகத்தார்க்கும், ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மகளிர்க்கும் பாட்டில் இடமில்லை. பெண்கள் பெயரில் பாடு வகுக்கப்படுவதும் மரபன்று. ஊர் வகுத்த அட்டவணை என்பதால் அது எல்லார்க்கும் நீதி செய்தது எனக் கொள்வது பொருந்தாது.

கால்வாயிலிருந்து சாலைக்கு

பழவேற்காட்டுக்கும் சென்னைக்கும் இடையிலான போக்குவரத்து ஒருகாலத்தில் நீரைச் சார்ந்தே இருந்தது. 1806இல் தொடங்கப்பட்ட காக்ரேன் கால்வாய் சென்னையிலிருந்து எண்ணூருக்கும், பின்னர்ப் பழவேற்காட்டு ஏரிக்கும் நீட்டிக்கப்பட்டது. 1876–78 பெரும்பஞ்சக் காலத்தில் நிவாரணப் பணியாக விரிவுபடுத்தப்பட்டபின் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. சிறீஅரிக்கோட்டாவின் விறகும் உப்பும் பிற சரக்கும் படகுகளில் இவ்வழியே சென்னைக்கு வந்தன. பாய்விரித்தும் கழியூன்றியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் செலுத்தப்பட்ட இப்படகுகள் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் இணங்கியே சென்றன. மீன்பிடிப்பின் பொழுதும் போக்குவரத்தின் பொழுதும் அன்று பெரிதும் முரண்படவில்லை.

1899இல் சென்னை–விசயவாடா இருப்புப்பாதை இணைப்பு நிறைவுற்றது. அப்பாதை பழவேற்காட்டைத் தொடாமல் மேற்கே பொன்னேரி வழியாகச் சென்றது. இதன் விளைவு பெரிது. சரக்கும் மக்களும் நீர்வழியை விட்டுப் பொன்னேரியை நோக்கித் திரும்பினர். ஏரிக்கரைக்கும் நிலையத்திற்கும் இடையே உள்ள ஏறத்தாழ 20 கி.மீ. சாலை ஊரின் உயிர்நாடியானது. முகத்துவாரத்துக்கு அப்பால் கடலோரத்தில் இருந்த ஊர்களுக்குப் பாலம் அமையும்வரை படகும் பேருந்தும் என இரண்டு வண்டிகள் தேவைப்பட்டன. படகு நீரின் சொல்லைக் கேட்டது. பேருந்து கடிகாரத்தின் சொல்லைக் கேட்டது.

நடை: நகரம் வகுத்த அட்டவணை

பேருந்து ஒருமுறை சென்றுவருவதைத் தமிழ் வழக்கு ‘நடை’ என்கிறது. ‘முதல் நடை’, ‘கடைசி நடை’ என்னும் தொடர்கள் ஊர்ப்புறத்தில் நேரத்தின் பெயர்களாகவே வழங்குகின்றன. மணிக்கணக்கைச் சொல்லாமல் ‘முதல் வண்டிக்குப் போய்விட்டான்’, ‘கடைசி பஸ்ஸுக்குள் வந்துவிடு’ என்றால் கேட்போர்க்குப் பொழுது விளங்கிவிடுகிறது. யாமம், நாழிகை என்னும் அளவுகள் வழக்கொழிந்த பின் அவ்விடத்தைப் பேருந்து பிடித்துக்கொண்டது எனலாம்.

இந்நடைகளின் நேரம் எவ்வாறு அமைகிறது? சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் மின்தொடர்வண்டிகள் பொன்னேரியில் நின்று செல்கின்றன. நகரத்தின் அலுவலக நேரம், பள்ளி கல்லூரி நேரம், எண்ணூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பகுதித் தொழிற்சாலைகளின் பணிமுறை நேரம் ஆகியன பயணியர் கூட்டத்தை வகுக்கின்றன. கூட்டம் வண்டி நேரத்தை வகுக்கிறது. தொடர்வண்டிக்கு இயைபாகப் பேருந்து அமைந்தால்தான் அது பயனுடையது. இவ்வாறு நகரத்தின் நாடித்துடிப்பு இருப்புப்பாதை வழியே பொன்னேரிக்கும், சாலை வழியே ஏரிக்கரைக்கும் வந்து சேர்கிறது.

பேருந்தை இயக்குவோர்க்கும் ஒரு பொழுது உண்டு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒரு வாரத்திற்கு 48 மணி நேரம் என வேலைநேரத்துக்கு வரம்பு வகுத்தது. ஓட்டுநர், நடத்துநரின் பணிமுறை, பணிமனைக்குத் திரும்பும் நேரம், வண்டியின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இடையே நடை அமைகிறது. ஆதலின் நடையின் நேரம் கருத்தின்றி அமைக்கப்பட்டதன்று. அதன் கணக்கில் நகரமும் பணிமனையும் உள்ளன. நிலவு மட்டும் இல்லை.

கல்லூரிக்குச் செல்லும் மாணவர்க்கும், பணிமுறையில் வேலை செய்வோர்க்கும் இவ்வட்டவணை பொருந்துகிறது. அவர்களது நாளும் கடிகார நாளே. ஏரிக்கரையின் இளந்தலைமுறை பொன்னேரியின் அரசு கலைக் கல்லூரிக்கும் அதற்கு அப்பாலும் செல்ல வழிசெய்தது இப்பேருந்தே என்பதை மறத்தலாகாது. இதனால் ஒரே வீட்டில் மகளின் நாள் முதல் நடையிலும் தந்தையின் நாள் வற்றத்திலும் தொடங்குகின்றன. இரண்டு நாள்களையும் பொருத்தி உணவு சமைப்பவர் தாயே.

காத்திருப்பின் சுமை

இரு அட்டவணைகளும் விலகும் அளவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் அமாவாசை இரவில் 9 மணிக்கு வற்றம் தொடங்குவதாகவும், முதல் நடை காலை 5 மணிக்குப் புறப்படுவதாகவும் கொள்வோம். வற்றம் ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம் நீடிக்கும். அன்று வலைத்தொழில் அதிகாலை 3 மணி 12 நிமிட அளவில் முடியும். மீனைப் பிரித்து ஏலம் முடித்துக் கூடையில் அடுக்க ஒரு மணி நேரம் ஆயினும் முதல் நடை கிடைத்துவிடும். மறுநாள் தொழில் 4 மணி 2 நிமிடத்தில் முடிகிறது. ஏலம் முடியும்போது வண்டி புறப்பட்டிருக்கும். மூன்றாம் நாள் 4 மணி 52 நிமிடம். ஏழு நாள் கழிந்தபின் காலை 9 மணி 2 நிமிடம். அப்போது பொன்னேரிச் சந்தையின் காலைக்கூட்டம் கலையும் நேரம் நெருங்கியிருக்கும். சென்னைக் காசிமேட்டின் மொத்த விற்பனையோ விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுவது.

எனவே 15 நாள் சுழற்சியில் நீரும் வண்டியும் நன்கு பொருந்தும் நாள்கள் சிலவே. ஏனைய நாள்களின் இடைவெளி மூன்று வழிகளில் நிரப்பப்படுகிறது. முதலாவது, காத்திருத்தல். மீன் விற்கும் பெண் கூடையோடு அடுத்த நடைக்குக் காத்திருக்கிறார். காத்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் மீனின் விலையைக் குறைக்கும். இரண்டாவது, பனிக்கட்டி. அது மீனின் நேரத்தை நிறுத்தி வைக்கும் கருவி. ஆனால் பனிக்கட்டியும் பெட்டியும் வாங்க முதல் தேவை. மூன்றாவது, கரைக்கே வண்டியோடு வரும் வணிகர். சொந்த வண்டி உடையவர்க்கு அட்டவணை இல்லை. மீன் எப்பொழுது கரையேறினும் அப்பொழுதே அவரால் கொண்டுசெல்ல முடியும். விலையைச் சொல்லும் ஆற்றலும் அதனால் அவரிடம் சேர்கிறது.

இவ்விடத்தில் நேர அட்டவணை ஒரு பொருளாதார உண்மையாகிறது. முதல் உடையவர் நேரத்தை விலைகொடுத்து வாங்குகிறார். முதல் இல்லாதவர் காத்திருந்து நேரத்தைச் செலவிடுகிறார். கூடைச் சுமையைத் தலையில் ஏற்றும் பெண்ணே காத்திருப்பின் சுமையையும் ஏற்கிறார்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அத்திட்டம் பின்னர் விடியல் பயணம் எனப் பெயர்பெற்றது. சிறு வணிகம் செய்யும் பெண்களின் செலவை அது குறைத்தது. கட்டணம் நீங்கினும் நேரத் தடையும் மதிப்புத் தடையும் எஞ்சுகின்றன. 2021 திசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்ற முதிய பெண் ஒருவர் மீன்வாடை காரணமாகப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதும், அதற்காகப் பணியாளர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதும் பரவலாக அறியப்பட்டவை. அதே ஆண்டு கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் மகளிர்க்கெனச் ‘சமுத்ரா’ என்னும் கட்டணமில்லாப் பேருந்துகளைத் தொடங்கியது. கூடை வைக்க இடமும், கூடை வரும் நேரத்திற்கு வண்டியும் தேவை என்பதை அரசுகள் உணரத் தொடங்கியதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

தடைக்காலமும் ஏவுகணக் காலமும்

பேருந்து அட்டவணை மட்டும் வெளியிலிருந்து வந்ததன்று. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. 2016 வரை அது 45 நாளாக இருந்தது. இத்தடை மீனின் இனப்பெருக்கப் பொழுதைக் கருதி அமைக்கப்பட்டது. நாட்காட்டித் தேதிகளால் வரையறுக்கப்பட்டாலும் அதன் நோக்கம் நீரின் பொழுதைச் சார்ந்தது.

சிறீஅரிக்கோட்டாவின் அட்டவணை வேறு வகையானது. 1969இல் இத்தீவு விண்கல ஏவுதளத்துக்கெனத் தெரிவுசெய்யப்பட்டது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ஆய்வு ஏவுகணை இங்கிருந்து செலுத்தப்பட்டது. ஏவுதல் நிகழும் வேளைகளில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டா என அறிவுறுத்தப்படுகின்றனர். நொடிக்கணக்கில் எண்ணப்படும் இறங்குமுகக் கணக்கு ஒருபுறமும், நாழிகைக் கணக்கில் நகரும் நீர் மறுபுறமும் ஒரே மணல்தீவின் இரு கரைகளில் இயங்குகின்றன. ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டால் மீனவரின் நாளும் ஒத்திவைக்கப்படுகிறது. இவ்வட்டவணைகள் அனைத்திலும் பாட்டுக்குரிய முதற்பண்பு காணப்படவில்லை. வகுப்போர் ஓரிடத்திலும் அதற்கு இணங்குவோர் வேறிடத்திலும் உள்ளனர்.

நீரோடு ஒத்த அட்டவணை இயலுமா?

நாள்தோறும் நகரும் அட்டவணை நடைமுறைக்கு ஒவ்வாது என்னும் மறுப்பு எழலாம். வரலாறு வேறு கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இலண்டனிலிருந்து போக்சுடன் துறைமுகத்துக்குச் சென்ற கப்பல்–தொடர்வண்டி ஏற்றவற்றத்தைப் பொறுத்து நாள்தோறும் வெவ்வேறு நேரத்தில் ஓடியது. அதனை ‘ஓதத் தொடர்வண்டி’ என்றே அழைத்தனர். ஆகவே இரும்புப் பாதையும் நிலவின் நேரத்துக்கு இணங்கியதுண்டு.

அதன் இடரையும் அதே வரலாறு காட்டுகிறது. 1865 சூன் 9 அன்று சிட்டேப்பில்கர்சுட்டு என்னுமிடத்தில் பாலப்பணி செய்த மேலாளர் அட்டவணையில் வேறு நாளின் நேரத்தைத் தவறாகப் பார்த்து, தண்டவாளத்தைக் கழற்றியிருந்தபோது இவ்வண்டி வந்து கவிழ்ந்தது. 10 பேர் உயிரிழந்தனர். பயணியருள் ஒருவரான எழுத்தாளர் சார்லசு டிக்கன்சு உயிர்தப்பினார். நகரும் அட்டவணைக்கு ஐயத்திற்கு இடமில்லாத அறிவிப்பு இன்றியமையாதது என்பதே இதன் பாடம்.

பழவேற்காட்டில் எல்லா நடைகளையும் நீரோடு நகர்த்த வேண்டியதில்லை. அவ்வாறு செய்தால் மாணவரும் தொழிலாளரும் இடர்ப்படுவர். நிலையான நடைகளை அவ்வாறே வைத்துக்கொண்டு, காலையில் ஒரே ஒரு நடையைத் திதியைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று நேரங்களுள் ஒன்றில் இயக்கலாம். கடலின் ஏற்றவற்றம் ஓராண்டுக்கு முன்பே கணித்து வெளியிடப்படுகிறது. ஏரியின் உள்நீர் அதனினும் பிந்துவதை அறிந்தவர் அவ்வூர் மீனவரே. முகத்துவாரம் அடைபட்ட நாள்களில் எந்தக் கணிப்பும் உதவாது என்பதையும் அவரே அறிவார். எனவே பணிமனையின் கணக்கும் ஊரின் கணக்கும் சேர்ந்தால்தான் அந்நடையின் நேரம் பொருந்தும். மாதத்துக்கு ஒருமுறை ஊர்ப் பஞ்சாயத்தும் போக்குவரத்து அலுவலரும் கூடி அதனை வகுத்து, ஏலக்கூடத்திலும் பேருந்து நிலையத்திலும் எழுதி வைக்கலாம். பாடு வகுக்கும் ஊருக்கு இது புதிய வேலையன்று. வகுக்கும் அவையில் மீன் விற்கும் மகளிர்க்கு இடமளிப்பது மட்டுமே புதியது. பாட்டின் பழைய குறையையும் அது ஓரளவு ஈடுசெய்யும்.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன அறியலாகின்றன. நேர அட்டவணை என்பது நவீனப் போக்குவரத்தோடு முதன்முதலாக ஏரிக்கரைக்கு வந்ததன்று. ஆள், இடம், பொழுது ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் பாடு என்னும் அட்டவணை அங்கே முன்பே இருந்தது. பேருந்தின் நடை அதற்குப் பக்கத்தில் மற்றோர் அட்டவணையாக வந்தமைந்தது. முன்னது நிலவின் நாளையும் பின்னது நகரத்தின் நாளையும் அளவாகக் கொண்டன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 நாழிகை வீதம் இரண்டும் விலகுகின்றன. அவ்விலகலின் விலையை மீன் விற்கும் பெண்கள் காத்திருப்பாகச் செலுத்துகின்றனர். முதல் உடையவர் அதனையே ஊதியமாக்கிக்கொள்கின்றனர்.

நிலமும் பொழுதும் பிரிக்கவொண்ணாதவை என்னும் தொல்காப்பியச் சிந்தனை இலக்கிய ஆய்வுக்கு மட்டுமன்றிப் போக்குவரத்துத் திட்டமிடலுக்கும் துணைசெய்ய வல்லது. பொழுதை எவ்விடத்திலிருந்து கணக்கிடுகிறோம் என்பதே யாருடைய நாள் எளிதாகிறது என்பதை முடிவு செய்கிறது. பழவேற்காட்டிற்கு ஒரு நடையாவது ஏரியின் கரையிலிருந்து கணக்கிடப்படுமாயின், மீன்கூடையும் பேருந்தும் ஒரே பொழுதில் சந்திக்கும் நாள்கள் மிகும். பாடு, நடை என்னும் இரு சொற்களின் வழக்கை ஏனைய காயல் ஊர்களிலும் தொகுத்து ஒப்பிடுவது இவ்வாய்வின் தொடர்ச்சியாக அமையும்.